பரோட்டா ஊரில் கோதுமை ஆகாத வயிறு

திருநெல்வேலியில் இருந்துகொண்டு பரோட்டாவும் கூடாது, அல்வாவும் கூடாதுன்னா அது என்ன வாழ்க்கை என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு. பரவாயில்லாத வாழ்க்கைதான். சொல்லப்போனால் நல்ல சாப்பாட்டு வாழ்க்கை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் வியாதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "அட, எனக்கும் சப்பாத்தி சாப்பிட்டா வயிறு உப்புசமா இருக்கே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி என் சிறுகுடலையே தாக்கும். குடலின் உள்சுவரில் குட்டிக் குட்டி விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும், அதன்பிறகு என்ன சத்தான சாப்பாடு சாப்பிட்டாலும் இரும்பும் கால்சியமும் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. இது அலர்ஜி இல்லை, ஒரு மாத்திரை போட்டால் அடங்குவதற்கு. இன்றைய தேதிக்கு இதற்கு வைத்தியம் என்றால் ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது மட்டும்தான்.

எனக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ரத்தசோகைதான். வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், அம்மா வாராவாரம் வாங்கி வந்து வறுத்துக் கொடுத்த ஆட்டுச் சுவரொட்டி. ஹீமோகுளோபின் ஏறவே ஏறாது. "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது சகஜம்தானேம்மா" என்று சொல்லி மாத்திரையின் கம்பெனியை மட்டும் மாற்றிக் கொடுத்த டாக்டர்கள் உண்டு. கடைசியில் ஒரு குடல் நிபுணர், மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்து டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார், இந்த நோய் இருந்தால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அது. பிறகு எண்டோஸ்கோபி விட்டு முன்சிறுகுடலில் இருந்து கிள்ளி எடுத்த சதையைப் பார்த்து உறுதி செய்தார்கள்.

முன்னால் பார்த்த டாக்டர்களையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. 2016-இல் இந்தியாவின் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தின ஆய்வு ஒன்று வெளியானது. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடம், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரிடம், தெற்கில் வெறும் 0.10 சதவீதம் பேரிடம். இந்த நோய்க்கு வாய்ப்புத் தரும் மரபணுக்கள் இருக்கின்றனவே, ஹெச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 என்பார்கள், அவை மூன்று பகுதிக்காரர்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கில் சராசரியாக ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். ஆக நம் பக்கத்து டாக்டர் சீலியாக்கைப் படித்திருப்பார், நேரில் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ஒன்று. சுகர் இருக்கிறவர்கள், சுகர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள், எடை குறைக்கிறவர்கள் எல்லாரும் ராத்திரி சப்பாத்திக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலேயே அப்பாவுக்கு சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து இரவுச் சோறு போய் சப்பாத்தி வந்தது, அத்தனை பேருக்கும். அந்த 25 கிராம் இன்னும் எத்தனை வீட்டில் 25 கிராமாகவே இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது சந்தேகம் வந்தால் தயவுசெய்து கோதுமையை நிறுத்திப் பார்க்காதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடல் ஆற ஆரம்பித்துவிடும், அப்புறம் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. முதலில் டெஸ்ட், பிறகுதான் பத்தியம். வியாதியே இல்லாமல் எடை குறைக்க 'குளூட்டன் ஃப்ரீ' போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உங்களுக்குக் கோதுமை ஒத்துக்கொள்கிறதா, சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், என் பங்கையும் சேர்த்து.

கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அந்தச் சந்தேகம் அவருக்குப் போருக்கு முன்பே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடும்போது இந்த வியாதி இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்பதை 1950-இல் முனைவர் பட்ட ஆய்வேடாகவே எழுதினார். எத்தனையோ வருஷமாக எல்லாரும் என்னைத் "தேற்ற" ஊட்டியதெல்லாம் கோதுமைக் கஞ்சியும் மால்ட் பானமுமாக இருந்ததை நினைத்தால் எனக்கு அந்தப் பிள்ளைகள் ஞாபகம்தான் வரும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நான் சொல்ல வந்தது இதுதான்: கோதுமை இல்லாத சாப்பாடு நம் ஊரில் ஒரு கஷ்டமே இல்லை, கோதுமை ஒளிந்திருக்கிற சாப்பாடுதான் கஷ்டம். சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரொட்டி, பிஸ்கட், கேக் இவையெல்லாம் நேர்மையான எதிரிகள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். ரவை கோதுமை என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. "சப்பாத்தி கூடாதுன்னா ரவா உப்புமா கிண்டித் தாரேன், வயித்துக்கு லேசா இருக்கும்" என்று அன்பாகச் சொன்ன அத்தையிடம் எப்படிக் கோபிப்பது? சேமியாவும் கோதுமைதான். கேழ்வரகு சேமியா என்று வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கம் கேழ்வரகோடு கோதுமை மாவும் கைகோத்து நிற்கும். உடம்புக்கு நல்லது என்று குடிக்கிற மால்ட் பானங்களில் பார்லி, பெரும்பாலும் கோதுமையும். கடைச் சத்துமாவில் கோதுமை. சைனீஸ் கடைகளில் ஊற்றுகிற சோயா சாஸில் கோதுமை. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது, அதனால் தனியாகச் சான்று உள்ளதைத்தான் வாங்க வேண்டும், அதுவும் எங்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இவர்கள் எல்லாருக்கும் தலைவர் பெருங்காயம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அசல் பெருங்காயப் பிசின் பயங்கரக் காட்டம், அதை அப்படியே சமையலில் போட முடியாது என்பதால் மாவும் கருவேலம் பிசினும் கலந்து பக்குவப்படுத்தி விற்கிறார்கள். டப்பாவில் 'கூட்டுப் பெருங்காயம்' என்று போட்டிருப்பது அதுதான். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு. யோசித்துப் பாருங்கள், சாம்பார், ரசம், புளியோதரை, வத்தக்குழம்பு, மோர், ஊறுகாய், இட்லிப்பொடி, வடை, முறுக்கு, சில அப்பளம். பரோட்டாவை விட்டது எனக்குப் பெரிதில்லை, ரசத்தைச் சந்தேகப்பட வேண்டியிருந்ததுதான் பெரிய அடி. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கடைகளில் கிடைக்கிறது, உட்பொருளைப் பார்த்து வாங்குகிறேன். அது கிடைக்காத நாளில் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்ட ரசம். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"ஒரு சிட்டிகைதானே, அது என்ன செய்யும்?" இது அடுத்த கேள்வி. எங்கள் ஆச்சி இன்னும் ஒரு படி மேலே. "ஏட்டி, சாமி பிரசாதம், ஒரு வாய் வாங்கிக்கோ, அவன் பாத்துக்கிடுவான்." கணக்கைச் சொல்கிறேன். ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய இரண்டு மூன்று கிராம் குளூட்டன் இருக்கும். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் என்று மூன்று மாதம் தொடர்ந்து போனாலே எங்கள் குடலில் சேதம் தெரிந்தது என்று ஆய்வே இருக்கிறது. ஒரு சப்பாத்தியை ஐம்பதாகக் கிள்ளினால் அதில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அதனால்தான் குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டிலும் விதி வைத்திருக்கிறார்கள். சாமி பார்த்துக்கொள்வார், குடல் பார்த்துக்கொள்ளாது ஆச்சி.

இந்தக் கணக்கு மண்டையில் ஏறினபிறகு ஹோட்டலுக்குப் போவது ஒரு தனி வித்தை. சாதா தோசை அரிசியும் உளுந்தும்தானே என்று உட்கார முடியாது, அதே கல்லில் இப்போதுதான் ரவா தோசை எடுத்திருப்பார்கள், அதே கரண்டியால் கல்லைச் சுரண்டித் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு என் தோசையை ஊற்றுவார்கள். உளுந்த வடை பூரி பொரித்த எண்ணெயில் வேகும். எனக்குத் தோதானது இட்லி. ஆவியில் வெந்தது, தனித் துணி, தனித் தட்டு. ஆனாலும் மாவில் ரவை சேர்க்கிற ஹோட்டல்கள் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும். நான் வழக்கமாகப் போகும் ஒரு சின்னக் கடையில் இப்போது கேட்கவே வேண்டாம். இலையில் நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் வரும், சாம்பார் வாளியோடு வருகிற பையனை அண்ணாச்சியே தூரத்தில் இருந்து "ஏலே, அந்த அக்காவுக்கு ஊத்தாத" என்று அதட்டுவார். கைப்பையில் நான் கொண்டுபோன எள்ளுப்பொடி இருக்கும், நல்லெண்ணெய் மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். முதலில் பொடி டப்பாவைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. இப்போது பக்கத்து டேபிள்காரர்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

கல்யாணப் பந்தி கொஞ்சம் சோகமான காமெடி. இலையில் முதலில் வைக்கிற கேசரி ரவை. சாம்பார், ரசம், மோர் மூன்றிலும் பெருங்காயம். கடைசியில் சேமியாப் பாயசம். நடுவில் எனக்கு மிஞ்சுவது சோறு, பருப்பு, நெய், வெறும் தயிர், வாழைப்பழம். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், மொய் எழுதிவிட்டுப் பந்தியில் சும்மா உட்கார்ந்து வருவதுதான் உத்தமம். ஆனால் எங்கள் பக்கத்து மறுவீட்டுச் சாப்பாடு என்றால் கதை வேறு. சொதி! பாசிப்பருப்பு, தேங்காயின் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பச்சை மிளகாய், கடைசியில் இறக்கி வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் பிழிவது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். துவையலில் பெருங்காயம் விழுந்ததா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன், சிப்ஸ் தனி எண்ணெயில் பொரித்ததா என்றும். மற்றபடி இலை முழுக்க எனக்கானது.

பரோட்டாவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கித்தான் ஆக வேண்டும். மாஸ்டர் உருண்டையை எண்ணெய்க் கல்லில் தட்டி, இரண்டு வீசு வீசியதும் கிழியாமல் மேல்துண்டு மாதிரி விரிகிறது பாருங்கள், அந்த இழுவைதான் குளூட்டன். அந்தப் புரதம் இல்லாமல் பரோட்டா இல்லை. இணையத்தில் பார்த்து அரிசி மாவு, மரவள்ளி மாவு, ஏதோ ஒரு பிசின்தூள் எல்லாம் சேர்த்துச் செய்கிறார்கள். நானும் சாப்பிட்டேன். சால்னா நன்றாக இருந்தது. இறக்குமதி பாக்கெட் ரொட்டியும் அப்படித்தான், விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், சாப்பிட்டால் தொண்டை அடைக்கும். போலியைத் தேடி அலைவதைவிடக் கோதுமையை எந்தக் காலத்திலும் பார்த்தே இராத பலகாரங்களைச் சாப்பிடுவது ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கட்சி. ஆப்பம், இடியாப்பம், குழாப்புட்டு, அடை, பணியாரம், கொழுக்கட்டை, அரிசி உப்புமா, கூட்டாஞ்சோறு. இதில் எது பரோட்டாவுக்கு மாற்று என்று கேட்டால் எதுவும் இல்லை. மாற்றாக எதற்கு இருக்க வேண்டும்?

அதற்காகச் சிறுதானியம் என்று எழுதியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், பேக்கரி அலமாரியெல்லாம் தினை பிஸ்கட், ராகி குக்கீஸ். உட்பொருள் பட்டியலில் முதல் பெயர் பல சமயம் கோதுமை மாவு. அடுத்த ஆபத்து மாவு மில். அரிசிக்குத் தனி மெஷின் வைத்திருந்தாலும் எல்லாமே ஒரே அறை, கோதுமை மாவு புகை மாதிரிப் பறந்து எல்லா மெஷின் மேலும் படிந்திருக்கும். கேழ்வரகை நமக்கு முன்னால் எவருடைய கோதுமை போன மெஷினில் போடுகிறார்களோ. அதனால் நான் முழுத் தானியமாக வாங்கி, முறத்தில் போட்டுக் கோதுமை மணி கிடக்கிறதா என்று பொறுக்கி, கழுவிக் காய வைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்கிறேன்.

இடியாப்ப மாவு அப்படித்தான். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி கையில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்து, சலித்து, சலித்து நின்ற குருணையை மறுபடி அரைத்து, அடி கனமான சட்டியில் மெல்லிய தீயில் வறுக்க வேண்டும். மாவைக் கிள்ளித் தரையில் கோலம் போட்டால் கோடு அறுபடாமல் விழுந்தால் போதும், இறக்கிவிடலாம். இந்த மாவில் பிழிந்த இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டவர்கள் கடை மாவுக்குத் திரும்பமாட்டார்கள், வியாதி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இனிப்பு என்று வந்தால் எங்கள் ஊர் அல்வா கோதுமைப் பால், போயிற்று. முதலூர் மஸ்கோத் அல்வா மைதாவில் எடுத்த பால், அதுவும் போயிற்று. தப்பித்தது தூத்துக்குடி மக்ரூன். முந்திரிப் பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவுதான் அதில். ஆனால் பேக்கரியில் பக்கத்து மேஜையில் பஃப்ஸுக்கு மைதா உருட்டுவார்கள் என்பதால் வீட்டில்தான் செய்கிறோம். வெள்ளைக்கருவை, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரைக்க அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பொடித்த முந்திரியை அடிக்காமல் மெதுவாகப் புரட்டி, கூம்பு கூம்பாக வைத்து ஓவனில் 100 டிகிரி சுற்றில் நிதானமாக உலர விட வேண்டும். மழைக்காலத்தில் செய்தால் மறுநாளே பிசுபிசுக்கும். அதுவரை எங்கே மிஞ்சப்போகிறது என்பது வேறு விஷயம்.

மருந்து மாதிரியான இனிப்பு வேண்டும் என்றால் உளுந்தங்களி. தோலுளுந்தும் கொஞ்சம் பச்சரிசியும் வாசம் வர வறுத்து அரைத்த மாவு, வடிகட்டின கருப்பட்டிப் பாகு, கையைப் பார்க்காமல் நல்லெண்ணெய். கிண்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் எண்ணெயைக் கக்கிக்கொண்டு சட்டியை விட்டு உருண்டு வரும். எனக்குச் சத்து சேர்கிறது என்று தெரிந்ததில் இருந்து ஆச்சி இதைக் கிண்டுவதற்கென்றே தனிச் சட்டி, தனி அகப்பை வைத்துவிட்டாள். யாராவது அந்த அகப்பையை எடுத்து ரவையைக் கிளறினால் அன்றைக்கு வீட்டில் கச்சேரிதான். பிரசாதத்துக்கு வாதாடிய அதே ஆச்சிதான்!

பத்தியம் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் ஹீமோகுளோபின் தன்னால் ஏற ஆரம்பித்தது, அதே இரும்பு மாத்திரைதான், இப்போது உள்ளே சேர்கிறது. குடல் முழுசாக ஆறுவதற்குப் பெரியவர்களுக்கு வருஷங்கள்கூட ஆகலாம் என்றார் டாக்டர். வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். எலும்பு அடர்த்தியும் பார்த்தார்கள், அதற்குக் கால்சியமும் விட்டமின் டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனிமேல் என் கவலை எல்லாம் அண்ணனைப் பற்றி. கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகளுக்கு இந்த வியாதி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், ஒரு தொந்தரவும் தெரியாவிட்டாலும் ஒருதரம் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவும் அம்மாவும் பார்த்துவிட்டார்கள், ஒன்றுமில்லை. அண்ணன் மட்டும் ஊருக்கு வரும்போதெல்லாம் "அடுத்த தரம் பாப்போம்" என்கிறான். ஊசிக்குப் பயமா என்று கேட்டேன். "ஊசிக்கு என்னட்டி பயம், ரிசல்ட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போய்விட்டான். மதினியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் அவன் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும்போது அதே சீட்டில் இதையும் எழுதி வாங்கிவிட வேண்டும் என்று.